தலைமாட்டில் நிற்பவர்

அறுவை சிகிச்சைக்கு வருகிறவர்கள் மயக்க மருத்துவரிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: திரும்ப முழித்துக்கொள்வேனா? சிலர் அதையே திருப்பிப் போட்டு, நடுவில் முழிப்பு வந்துவிடாதே என்பார்கள். இரண்டுமே மருந்தைப் பற்றிய கவலைகள். மருந்து நல்ல மருந்தாக இருந்தால் மற்றதெல்லாம் தானாக நடந்துவிடும் என்ற நம்பிக்கை அவற்றுக்குள் ஒளிந்திருக்கிறது. அதை நோயாளிகளின் அறியாமை என்று தள்ள எனக்கு மனமில்லை. எங்கள் தொழிலின் வரலாற்றை நாங்களே அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறோம். 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஓர் இளைஞரை ஈதர் ஆவியை இழுக்கச் செய்தார். மூத்த அறுவை மருத்துவர் ஜான் காலின்ஸ் வாரன் அவருடைய கழுத்துக் கட்டியில் கத்தி வைத்தார். கட்டிப் பிடித்து அழுத்த ஆள் தேவைப்படவில்லை, அலறலும் எழவில்லை. அந்த நாளைத்தான் உலகமெங்கும் மயக்கவியல் நாளாகக் கொண்டாடுகிறோம். அந்த நாளின் மீது எனக்கும் மதிப்பு உண்டு. ஆனால் எங்கள் தொழில் அன்று பிறந்தது என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். அன்று கிடைத்தது ஒரு பொருள். அந்தப் பொருளுக்கு ஆட்பட்டுக் கிடக்கும் உடலுக்குப் பொறுப்பாக, வேறெந்த வேலையும் இல்லாத ஒருவர் கடைசிவரை தலைமாட்டில் நிற்க வேண்டும் என்பது உலகத்துக்குப் புரியவும், புரிந்தது விதியாகவும் மேலும் 140 ஆண்டுகள் ஆயின. சாவு விகிதத்தைக் குறைத்ததில் பெரும்பங்கு இந்த இரண்டாவது கண்டுபிடிப்புக்குத்தான் என்பது என் கட்சி.

பொருளைக் கண்டுபிடித்த பெருமைக்கே எத்தனை பேர் அடித்துக்கொண்டார்கள் என்று பாருங்கள். நைட்ரஸ் ஆக்சைடு வலியைப் போக்குகிறது, அதிக ரத்தப்போக்கு இல்லாத அறுவைகளில் பயன்படுத்தலாம் என்று ஹம்ஃப்ரி டேவி 1800இலேயே அச்சிட்டுவிட்டார். அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு அந்த வாயு கேளிக்கைக் கூடங்களில் ஆட்களைச் சிரிக்கவைக்கத்தான் பயன்பட்டது. ஜார்ஜியா மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் கிராஃபர்ட் லாங் 1842 மார்ச்சில் ஈதர் கொடுத்துக் கழுத்துக் கட்டி ஒன்றை அகற்றினார். 1849 வரை அதை எங்கும் எழுதவில்லை. ஹொரஸ் வெல்ஸ் 1844 டிசம்பரில் நைட்ரஸ் ஆக்சைடைத் தானே இழுத்துக்கொண்டு தன் பல்லைப் பிடுங்கவைத்தார். அடுத்த மாதம் பாஸ்டனில் அதைச் செய்து காட்டப் போனபோது நோயாளி கத்திவிட, கூடியிருந்தவர்கள் ஏளனம் செய்தார்கள். மார்ட்டனோ தன் ஈதருக்கு வேறு பெயர் சூட்டிக் காப்புரிமை வாங்கினார். வேதியியலாளர் சார்லஸ் ஜாக்சன் யோசனை என்னுடையது என்று வழக்காடினார். 1868இல் பாஸ்டன் பூங்காவில் ஈதருக்கு நினைவுச்சின்னம் எழுப்பியவர்கள் எந்த மனிதரின் பெயரையும் பொறிக்காமல் நழுவிக்கொண்டார்கள். இந்தச் சண்டைகள் படிக்கச் சுவையானவை. எங்கள் பாடநூல்களின் முதல் அத்தியாயத்தை அவையே நிரப்பியும் விடுகின்றன. ஆனால் இவர்களில் ஒருவரும் மயங்கியவரின் மூச்சு நின்றால் என்ன செய்வது என்பதைப் பற்றிச் சண்டை போடவில்லை.

ஆவிகளுக்கு முன்பே மயக்க மருந்து இருந்தது என்பதும் இந்த வாதத்துக்கு முக்கியம். ஜப்பானில் ஹனவோகா செய்ஷூ 1804 அக்டோபரில், பாஸ்டனுக்கு 42 ஆண்டுகள் முந்தி, மார்பகப் புற்றுக்கட்டி ஒன்றை நோயாளி மயங்கியிருக்கும்போதே அகற்றினார். அவர் குடிக்கக் கொடுத்த கஷாயத்தின் முக்கியச் சரக்குகள் ஊமத்தையும் வச்சநாபியும். நம்மூர் வைத்தியர்களும் நன்கறிந்த, எச்சரிக்கையோடே தொடுகிற இரண்டு விஷங்கள். பல ஆண்டுகள் சோதித்து அளவைக் கண்டார். அந்தச் சோதனைகளில் அவர் மனைவியின் பார்வை போயிற்று என்று ஜப்பானியர் சொல்வார்கள். அவ்வளவு உழைப்பில் உருவான மருந்து ஏன் உலகெங்கும் பரவவில்லை? நாடு வெளியுலகுக்குக் கதவடைத்திருந்தது என்பது வழக்கமான பதில். என் தொழில் எனக்குச் சொல்லித்தரும் பதில் வேறு. அந்தக் கஷாயம் வேலை செய்யத் தொடங்கவே மணிக்கணக்கில் ஆகும். தெளிய அரைநாள், சில சமயம் ஒருநாள் ஆகும். குடித்தது குடித்ததுதான். அளவு மிஞ்சிவிட்டால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிசைவதைத் தவிர வேறு வழியில்லை. அபினுக்கும் சாராயத்துக்கும் இதே கதைதான். ஆவி அப்படியல்ல. மூச்சோடு உள்ளே போய், மூச்சோடு வெளியே வருகிறது. நோயாளியின் முகம் கறுத்தால் துணியை எடுத்துவிடலாம். நெளிந்தால் நான்கு சொட்டு கூட்டலாம். நொடிக்கு நொடி கூட்டவும் குறைக்கவும் இடங்கொடுத்த முதல் மயக்க மருந்து ஈதர். அதன் வெற்றிக்குக் காரணமும் அதுவே. அதாவது, பக்கத்தில் ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தால் பலன் தரக்கூடிய முதல் மருந்து அது. ஆனால் பார்த்துக்கொண்டே இருக்க ஆளை வைக்க வேண்டும் என்று எவருக்கும் அப்போது தோன்றவில்லை. தியேட்டரில் கை சும்மா இருப்பவர் எவரோ, அவரிடம் துணியும் புட்டியும் போயின.

இதன் விலை சீக்கிரமே தெரிந்தது. எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்ப்சன் 1847 நவம்பரில் குளோரோஃபார்மை அறிமுகம் செய்தார். ஈதரைவிட மணம் இனிது, வேகம் அதிகம், கருவியும் வேண்டாம், கைக்குட்டை போதும். மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1848 ஜனவரி 28 அன்று நியூகாசில் அருகே வின்லாட்டன் ஊரில் ஹானா கிரீனர் என்ற பதினைந்து வயதுப் பெண்ணுக்குக் கால்விரல் நகத்தை எடுக்க வேண்டியிருந்தது. சில மாதங்களுக்கு முன் ஈதர் கொடுத்து இதே போன்ற சிகிச்சை அவளுக்கு நல்லபடியாக முடிந்திருந்தது. இந்தமுறை துணியில் ஒரு தேக்கரண்டி குளோரோஃபார்ம். பயந்து அழுதுகொண்டிருந்த பெண் இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் இறந்துபோனாள். ஒரு நகத்துக்காக ஓர் உயிர். சிம்ப்சன், தெளிவிக்க வாயில் ஊற்றிய பிராந்தி மூச்சுக்குழாயில் இறங்கியதே காரணம் என்றார். மருந்தின் மீது பழி விழாமல் பார்த்துக்கொண்டார். லண்டனில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் வேறு கேள்வியைக் கேட்டார்: அந்தத் துணியிலிருந்து அவள் நெஞ்சுக்குள் போன காற்றில் குளோரோஃபார்ம் எத்தனை பங்கு?

காலரா குடிநீரில் பரவுகிறது என்று பின்னாளில் காட்டியவர் இதே ஸ்னோதான். அங்கே குழாயடியை எண்ணியது போலவே இங்கே ஆவியை எண்ணினார். திரவம் ஆவியாகும் அளவு வெப்பத்தைப் பொறுத்தது என்பது பள்ளிக்கூட இயற்பியல். 20 டிகிரியில் குளோரோஃபார்மின் மேல் தேங்கி நிற்கும் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு அதன் ஆவியாக இருக்கும். 30 டிகிரியில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கிவிடும். மயக்கத்துக்கு வேண்டியதோ நூற்றுக்கு நான்கைந்து பங்குதான், அதற்கு இரு மடங்கானால் இதயமே முடங்கும் என்று ஸ்னோ கணித்தார். ஆக, மடித்த துணியில் ஊற்றி மூக்கில் அமுக்கும்போது நோயாளிக்குப் போவது மருந்தா விஷமா என்பது துணியின் மடிப்பையும் அறையின் சூட்டையும் பொறுத்த விஷயமாகிவிடுகிறது. ஸ்னோ செய்த கருவியில் மருந்துக் கலம் தண்ணீர்த் தொட்டிக்குள் இருக்கும். தண்ணீரின் சூட்டை வைத்து ஆவியின் அளவைக் கட்டுப்படுத்தலாம். முகமூடியில் ஒரு கதவு, அதைத் திறந்த அளவுக்கு வெறும் காற்று கலக்கும். 1853இல் விக்டோரியா மகாராணியின் பிரசவத்துக்கு அவர் குளோரோஃபார்ம் கொடுத்ததைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, 1858இல் அவர் இறந்த பிறகு வெளியான நூல். அதில் குளோரோஃபார்ம் சாவுகள் ஐம்பதை ஒவ்வொன்றாக எடுத்து, யார் கொடுத்தார், எப்படிக் கொடுத்தார், எது முதலில் நின்றது என்று பிரித்திருக்கிறார். இறந்தவர்களின் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு தன் தொழிலைக் கற்ற முதல் மயக்க மருத்துவர் அவர். தொழிலுக்குப் பிறந்தநாள் ஒன்று வேண்டுமென்றால் நான் அங்கே வைப்பேன்.

ஸ்னோவின் பாதையில் உலகம் நடக்கவில்லை. கிருமிநாசினி முறையால் லட்சக்கணக்கான உயிர்களைக் காத்த ஜோசப் லிஸ்டரே, குளோரோஃபார்ம் கொடுக்கத் தனி ஆள் எதற்கு, சில எளிய விதிகளைச் சொல்லிக்கொடுத்தால் எந்த உதவியாளரும் கொடுக்கலாம் என்ற கட்சியில் இருந்தார். கண்ணுக்குத் தெரியாத கிருமிக்கு அத்தனை மரியாதை கொடுத்தவருக்கு, கண்ணெதிரே நிற்கப்போகும் மூச்சு சில்லறை விஷயமாகத் தோன்றியிருக்கிறது. அந்த எடின்பரோ மரபில் வந்த எட்வர்ட் லாரி ஹைதராபாத்தில் ரெசிடென்சி மருத்துவராக இருந்தார். மூச்சை மட்டும் பார்த்தால் போதும், நாடியைத் தொடவே வேண்டாம், குளோரோஃபார்ம் இதயத்தை நேராகத் தாக்குவதில்லை என்பது அவருடைய நம்பிக்கை. அதை நிரூபிக்க நிஜாமின் செலவில் 1888இலும் 1889இலும் இரண்டு ஆணையங்கள் ஹைதராபாத்தில் விலங்குகள் மீது சோதனை நடத்தின. இரண்டாவது ஆணையத்துக்கு லண்டன் லான்செட் இதழ் தன் சார்பில் லாடர் பிரன்டன் என்ற மருந்தியல் வல்லுநரை அனுப்பியது. இதயமே முதலில் நிற்கலாம் என்று நினைத்துக் கப்பலேறியவர், லாரியின் கட்சிக்கு மாறினார். லாரியின் மாணவியான ரூபாபாய் ஃபர்தூன்ஜி அங்கே குளோரோஃபார்ம் கொடுத்துவந்தார். உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர் என்று அவரைப் பலரும் சொல்கிறார்கள். வெயில் நாட்டில் குளோரோஃபார்ம் நிலைத்ததற்கு எளிய காரணம் ஒன்றும் உண்டு: ஈதர் 35 டிகிரியில் கொதித்துவிடும். மே மாதத்து ஹைதராபாத்திலும் மதராஸிலும் புட்டியைத் திறந்தால் பாதி கூரைக்குப் போய்விடும். சரி, யார் சொன்னது உண்மை? 1911இல் லண்டனில் குட்மன் லெவி பூனைகளின் மீது செய்த சோதனைகள் வந்தன. குளோரோஃபார்ம் ஆழமாக இருக்கும்போதைவிட, மேலோட்டமாக இருந்து உடலில் அட்ரினலின் பொங்கும்போது இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடுகிறது. பயந்து அழுத ஹானா கிரீனரின் சாவுக்கு இந்த விளக்கம் பொருந்தும் என்று இன்று பலர் கருதுகிறோம். மூச்சா நாடியா என்று அறுபது ஆண்டுகள் கட்சி கட்டியவர்கள் இரு பக்கமும் பாதி சரி, பாதி தவறு. இரண்டையும் பார்ப்பதற்கென்றே ஓர் ஆளை நிறுத்தியிருந்தால் அந்த விவாதத்துக்கே தேவை குறைந்திருக்கும்.

நிறுத்திப் பார்த்தவர்களும் இருந்தார்கள். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் மேயோ சகோதரர்கள் ஆலிஸ் மகா என்ற செவிலியரை இந்த வேலைக்கென்றே வைத்திருந்தார்கள். முகமூடியின் மேல் ஈதரைச் சொட்டுச் சொட்டாக விட்டபடி, நோயாளியிடம் பேசிக்கொண்டே, அவர் முகத்திலிருந்து கண்ணெடுக்காமல் கொடுப்பது அவர் முறை. பதினான்காயிரத்துக்கும் மேற்பட்ட மயக்கங்கள், மருந்தால் ஒரு சாவுகூட இல்லை என்று 1906இல் வெளியிட்டார். அவரிடம் இருந்தது உலகம் முழுக்க எல்லோரிடமும் இருந்த அதே ஈதரும் குளோரோஃபார்மும்தான். மார்ட்டனின் அதே பாஸ்டன் மருத்துவமனையில் 1890களில் ஈதர் கொடுக்கும் வேலை மருத்துவ மாணவர்கள் தலையில் விழுந்திருந்தது. அவர்களில் எர்னஸ்ட் காட்மன், ஹார்வி குஷிங் என்ற இருவர் ஒரு தாளில் கட்டம் போட்டு நாடித் துடிப்பைக் குறிக்கத் தொடங்கினார்கள். 1901இல் குஷிங் இத்தாலியிலிருந்து ரத்த அழுத்தமானியைக் கொண்டுவந்த பிறகு அதுவும் தாளில் ஏறியது. இன்றும் எங்கள் மயக்கப் பதிவுத் தாள் அதுதான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு கோடு. மேல் அழுத்தத்துக்குக் கவிழ்த்த கூம்பு, கீழ் அழுத்தத்துக்கு நிமிர்ந்த கூம்பு, நாடிக்குப் புள்ளி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுத வேண்டியிருப்பதால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறையாவது பார்த்தாக வேண்டும். சும்மா நிற்பவரைக் காவல்காரராக்கியது அந்தத் தாள்.

மருந்துகள் மேம்பட்டதால்தானே சாவு குறைந்தது, இதை எப்படி மறுப்பீர்கள் என்று கேட்கலாம். குளோரோஃபார்மை எவரும் இன்று தொடுவதில்லை என்பது உண்மைதான். ஈதர் தீப்பிடிக்கும், ஹாலோதேன் பிடிக்காது. அது பெரிய லாபம். ஆனால் ஒவ்வொரு புது மருந்தும் தனக்கான புது ஆபத்தோடுதான் வந்தது, அதை அடக்கியது தலைமாட்டில் இருந்தவரின் பயிற்சிதான். 1942 ஜனவரியில் மான்ட்ரியலில் ஹெரால்ட் கிரிஃபித்தும் எனிட் ஜான்சனும் அம்பு விஷமான க்யூராரேயை அறுவை அரங்குக்குள் கொண்டுவந்தார்கள். தசைகள் தளர்ந்தன, வயிறு கல்லாக இறுகுவது நின்றது, அறுவை மருத்துவர்கள் மகிழ்ந்தார்கள். தளர்கிற தசைகளில் மூச்சுவிடும் தசைகளும் சேர்த்தி. 1948 முதல் 1952 வரை பத்து அமெரிக்கப் பல்கலைக்கழக மருத்துவமனைகளில் நடந்த 5,99,548 மயக்கங்களை பீச்சரும் டாடும் ஆராய்ந்து 1954இல் வெளியிட்டார்கள். க்யூராரே வகை மருந்து கொடுக்காத இடங்களில் மயக்கம் தொடர்பான சாவு 2,100 பேருக்கு ஒன்று. கொடுத்த இடங்களில் 370 பேருக்கு ஒன்று. மருந்திலேயே விஷம் இருக்கிறது என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். இன்று அதே குடும்பத்து மருந்துகளைத் தினமும் கொடுக்கிறோம், அந்தச் சாவுகள் இல்லை. காரணம் தெளிவு: தளர்ந்தவருக்காக மூச்சு விட்டுக்கொடுப்பதையும், முடிவில் தளர்ச்சியை முறித்து, தலையைத் தூக்கச் சொல்லிப் பார்த்து, அதன் பிறகே டியூபை எடுப்பதையும் கற்றுக்கொண்டோம். மேம்பட்ட மருந்து பார்வையாளர் இல்லாத இடத்துக்குப் போனபோது சாவைக் கூட்டியிருக்கிறது. இதைவிட நேரான சாட்சியம் எனக்குத் தெரியவில்லை.

மயக்க மருத்துவரின் வேலையிலிருந்து மயக்க மருந்தை ஏறக்குறைய கழித்துப் பார்த்த சோதனை ஒன்றும் வரலாற்றில் நடந்திருக்கிறது. 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியது. பிளேக்டாம் மருத்துவமனையில் மூச்சுத் தசைகள் செயலிழந்து முதல் மூன்று வாரங்களில் சேர்ந்த 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். அப்போதைய வைத்தியம், இருந்த ஒன்றிரண்டு இரும்புப் பெட்டிகளில் உடலை வைத்து நெஞ்சை இழுப்பது. வேறு வழியில்லாமல் பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவரை அழைத்தார்கள். ஆகஸ்ட் 27 அன்று மூச்சு முட்டிக்கொண்டிருந்த பன்னிரண்டு வயதுச் சிறுமியின் கழுத்தில் துளையிட்டு டியூப் வைத்து, திமிறியவளுக்குக் கொஞ்சம் தயோபென்டால் கொடுத்து அடக்கி, ரப்பர் பையைக் கையால் அழுத்தி மூச்சைக் கொடுத்தார். தியேட்டரில் அன்றாடம் செய்கிற வேலைதான். அந்தப் பையைப் பிடித்துப் பழகிய கை பல செய்திகளை அறியும்: நுரையீரல் விரிகிறதா, சளி அடைத்திருக்கிறதா, டியூப் நழுவிவிட்டதா, நோயாளி தானாக ஒரு மூச்சுக்கு முயல்கிறாரா, எல்லாம் உள்ளங்கையில் படும். சிறுமி பிழைத்தாள். பிறகு சுமார் 1,500 மருத்துவ, பல் மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் பைகளை அழுத்தினார்கள். பத்தில் ஒன்பதை நெருங்கிய சாவு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. தீவிர சிகிச்சைப் பிரிவு என்று இன்று நாம் அழைப்பது அங்கே தொடங்கியது. நோயாளிக்கு ஓர் ஆள், கண் அகலாமல். போலியோவுக்கு அப்போது மருந்தே கிடையாது.

இப்போதெல்லாம் பார்க்கும் வேலையை இயந்திரம் செய்துவிடுகிறதே என்பது அடுத்த கேள்வி. இதற்குப் பாதி இடம் கொடுக்கத்தான் வேண்டும். ஜப்பானில் டாகுவோ அவோயாகி 1974இல் முன்வைத்த தத்துவத்தில் பிறந்த பல்ஸ் ஆக்சிமீட்டர் இல்லாத தியேட்டரை இன்று நினைக்க முடியாது. கொரோனா காலத்துக்குப் பிறகு அது வீட்டு அலமாரிகளிலும் இருக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் அது ஒலிக்கும். ஆக்சிஜன் இறங்க இறங்கச் சுருதியும் இறங்கும். கண் வேறெங்கோ இருந்தாலும் காது அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். வெளிவிடும் மூச்சிலுள்ள கார்பன் டையாக்சைடை அளக்கும் கேப்னோகிராஃப் இன்னும் நேர்மையானது. மூச்சுக்கு ஒரு மேடாகத் திரையில் எழும். மூச்சுக்குழாய்க்குப் பதிலாக உணவுக்குழாயில் டியூப் போய்விட்டால் ஓரிரு மூச்சில் மேடு சரிந்து கோடாகிவிடும். ஆக்சிமீட்டரோ நுரையீரலில் ஆக்சிஜன் சேமிப்பு இருக்கும்வரை, மூச்சு நின்று பல நிமிடம் ஆன பிறகும், 98 என்றே காட்டிக்கொண்டிருக்கும். எந்த எண்ணை எப்போது நம்பக் கூடாது என்று தெரிந்தவர் அருகில் இல்லையென்றால் அந்த 98 ஆளைக் கொன்றுவிடும். டென்மார்க்கில் 20,802 நோயாளிகளை இரு பிரிவாக்கி ஆக்சிமீட்டரைச் சோதித்து 1993இல் வெளியிட்ட ஆய்வு இதில் ஒரு சங்கடமான உண்மையைச் சொன்னது: கருவி வைத்தவர்களிடம் ஆக்சிஜன் குறைவு 19 மடங்கு அதிகமாகக் கண்டுபிடிக்கப்பட்டது, ஆனால் முடிவில் சிக்கல்களும் சாவுகளும் குறைந்ததாகக் காட்ட முடியவில்லை. சாவு அவ்வளவு அரிதாகிவிட்ட காலத்தில் வித்தியாசத்தைக் காட்ட இருபதாயிரம் பேர் போதாது என்பது சரியான சமாதானம்தான். அதோடு, இரண்டு பிரிவிலும் தலைமாட்டில் பயிற்சி பெற்ற ஒருவர் இருந்தார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கருவிகளை விரும்புவோர் அடிக்கடி எடுத்துக்காட்டுவது ஹார்வர்ட் மருத்துவமனைகளை. அதே மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஜெஃப்ரி கூப்பர் என்ற பொறியாளர், விமான விபத்துகளை ஆராயும் முறையில் மயக்கத்தில் நேர்ந்த தவறுகளைச் சேகரித்து 1978இல் வெளியிட்டார். தடுத்திருக்கக்கூடிய 359 சம்பவங்களில் 82 விழுக்காட்டில் மனிதத் தவறு. குழாய் கழன்றுபோவது, கவனிக்காமல் விடுவது, மருந்து மாறுவது. ஹார்வர்டின் ஒன்பது மருத்துவமனைகளில் 1976 முதல் 1988 வரை ஓரளவு ஆரோக்கியமான சுமார் 10 லட்சம் பேருக்குக் கொடுத்த மயக்கத்தில், மயக்கத்தால் மட்டுமே நேர்ந்த பெரும் விபத்துகள் 11; அவற்றில் 7 மூச்சு குறைந்ததை யாரும் கவனிக்காமல் விட்டவை. இப்படிப்பட்ட விபத்துகளைத் தடுக்க அவர்கள் 1985இல் வகுத்து 1986இல் வெளியிட்ட விதிகள்தாம் இன்று உலகம் பின்பற்றும் விதிகளுக்குத் தாய். கருவிப் பட்டியல் அதில் உண்டு. ஆனால் அந்த விதிகளின் தலையில் இருப்பது கருவி இல்லை: மயக்கம் தொடங்கியது முதல் முடியும்வரை மயக்கம் கொடுக்கத் தகுதியுள்ள ஒருவர் அறைக்குள் இருக்க வேண்டும். 1846க்குப் பிறகு 139 ஆண்டுகள் கழித்து இதை எழுதி வைக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

இதையெல்லாம் பெரிய நகரத்துக்குப் பேசலாம், தாலுகா ஆஸ்பத்திரியில் ஆளுக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. மற்ற எதிர்வாதங்களைவிட இதற்குத்தான் நான் அதிகம் தலைவணங்குகிறேன். இரவு இரண்டு மணிக்கு ரத்தப்போக்கோடு வரும் கர்ப்பிணிக்குத் தலைமாட்டில் பட்டமேற்படிப்பு படித்தவர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், ஆம்புலன்ஸ் பயணத்திலேயே அவள் போய்விடுவாள். இதற்காகத்தான் எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்கு 18 வார உயிர்காக்கும் மயக்கவியல் பயிற்சி இந்தியாவில் கொண்டுவரப்பட்டது. எங்கள் வட்டாரத்தில் அதற்கு எதிர்ப்பு இருந்தது, இருக்கிறது. நான் அந்த எதிர்ப்பில் இல்லை. ஆலிஸ் மகா மருத்துவரே அல்லர். கோபன்ஹேகன் மாணவர்கள் படித்து முடித்தவர்கள் அல்லர். அவர்கள் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது, அந்த நேரத்தில் அந்த ஒரு வேலையைத் தவிர வேறு வேலை இல்லை என்பதும், கை மீறும்போது கூப்பிட மேலே ஒருவர் இருந்தார் என்பதும். அந்த இரண்டையும் உறுதிசெய்தால் பட்டத்தின் நீளத்தைப் பற்றிப் பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம். உறுதிசெய்யாவிட்டால் பட்டம் எவ்வளவு நீளமாக இருந்தும் பயனில்லை.

பயனில்லை என்பதற்கு ஊரறிந்த உதாரணமே இருக்கிறது. 2009 ஜூனில் மைக்கேல் ஜாக்சன் தன் வீட்டுப் படுக்கையறையில் இறந்தார். தூக்கத்துக்கென்று அவருக்கு ஏற்றியது புரோபஃபால், நாங்கள் தினமும் கையாளும் பால்நிற ஊசி. கொடுத்தவர் முறையாகப் படித்த இதய மருத்துவர். தான் சிறிது நேரம் அறையை விட்டு வெளியே போய் வந்ததாக அவரே காவல்துறையிடம் சொன்னார். நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. மருந்து கெட்ட மருந்து என்று அன்று பத்திரிகைகள் எழுதின. அதே வாரம் உலகெங்கும் எண்ணற்றவர்கள் அதே மருந்தில் தூங்கி எழுந்து வீட்டுக்குப் போனார்கள். இதை அமெரிக்கக் கதையாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எண்டோஸ்கோபி அறையிலும், பல் கிளினிக்கிலும், அழகுசாதன அறுவையிலும் சின்ன ஊசிதானே என்று மயக்கம் கொடுக்கப்படுகிறது. கொடுப்பவரே சிகிச்சையும் செய்கிறார். சிறிய நர்சிங் ஹோம்களுக்குக் கையில் பையோடு ஓடிவரும் மயக்க மருத்துவருக்கு அடுத்த ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும். முதுகில் ஊசி போட்டாயிற்று, நோயாளி பேசிக்கொண்டுதானே இருக்கிறார், நீங்கள் கிளம்புங்கள் என்று சொல்லும் அறுவை மருத்துவர்களும் உண்டு. முதுகில் போட்ட ஊசி ரத்த அழுத்தத்தைச் சில நிமிடங்களில் சரித்துவிடலாம். மரப்பு மேலே ஏறி மூச்சைப் பிடிக்கலாம். பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்துவதுதான் அதற்கு முதல் அறிகுறி, அதைக் கேட்க ஒரு காது வேண்டும். கிளம்பிப் போகிற மருத்துவரைக் குறை சொல்வது எளிது. அறுவைக்கு ஒரு கட்டணமும் மயக்கத்துக்கு அதில் சிறு துண்டும் என்று நாம் வைத்திருக்கும் ஏற்பாடுதான் அவரை ஓடவைக்கிறது. ஊசிக்குக் காசு கொடுக்கிறோம், நிற்பதற்குக் கொடுப்பதில்லை.

எனவே வாசகருக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ அறுவை சிகிச்சை என்று முடிவானால், அறுவை மருத்துவரின் பெயரை விசாரிக்கும் அக்கறையோடு மயக்கம் கொடுப்பவரின் பெயரையும் விசாரியுங்கள். முந்தின நாளே அவரைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். எந்த மருந்து கொடுப்பீர்கள் என்று கேட்பதைவிட, முடியும்வரை நீங்கள் அறைக்குள் இருப்பீர்களா என்று கேளுங்கள். இந்தக் கேள்வியால் நல்ல மருத்துவர் எவரும் கோபப்பட மாட்டார். அவர் கேட்பதற்கு நீங்களும் மறைக்காமல் பதில் சொல்லுங்கள்: ஆடும் பல், ஆஸ்துமா, குடிப்பழக்கம், சாப்பிடும் மாத்திரைகள், குறட்டை, முன்பு மயக்கத்தில் ஏற்பட்ட சிக்கல். திட உணவு சாப்பிட்டு ஆறு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேரம் போதும். பால் கலந்த காபி தண்ணீர்க் கணக்கில் சேராது. பாட்டி பாவப்பட்டு ஊட்டிவிட்ட இரண்டு இட்லியையும் சொல்லிவிடுங்கள். அறுவை சில மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.